எச்.எம். நாற்காலிக்கு ஆள் இல்லை

அன்புள்ள நண்பா,

இயேசுவுக்குப் புகழ். கடிதம் கிடைத்தது. பேத்தியின் புதுநன்மை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

மருமகளை அவள் பள்ளியில் எச்.எம். (தலைமையாசிரியர்) பொறுப்புக்குக் கேட்கிறார்கள், அவளோ பதவி உயர்வு வேண்டாம் என்று உரிமை விடல் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஆச்சரியமே இல்லை. நம் காலத்தில் சீனியாரிட்டியில் ஒரு இடம் தவறினாலே கோர்ட் படி ஏறினார்கள். இப்போது எங்கள் பக்கத்து உதவிபெறும் பள்ளியில் அடுத்தடுத்து ஆட்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

சட்டம் பள்ளி நடத்தும் நம் கிறிஸ்தவ நிர்வாகங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தலாம் என்கிற அரசியல் சாசனத்தின் 30(1) இருக்கிறது. மலங்கரை சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றமும், தகுதி இருந்தால் போதும், தலைமைக்கு யாரை வைப்பது என்பது சிறுபான்மை நிர்வாகத்தின் விருப்பம், சீனியாரிட்டி கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்த உரிமையை வைத்துப் பல இடங்களில் என்ன செய்தோம்? ஃபாதரோ சிஸ்டரோ கிடைத்தவரைக்கும் அவர்களையே உட்கார வைத்தோம். அவர்களுக்கும் சில வருடங்களில் மாற்றல் வந்துவிடும். துறவறம் போகாத பொதுநிலையினர் யாரையும் வளர்த்தெடுக்கவில்லை. இன்று துறவறத்துக்கு வரும் பிள்ளைகள் குறைந்துவிட்டதால் திடீரென்று, "டீச்சர், நீங்க பாத்துக்கோங்க" என்றால் யார் வருவார்கள்?

பணமும் பெரிய காரணமில்லை என்பேன். போன மாதம் அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். அங்கே எச்.எம். மாடிப்படியில் நின்று சிக்னல் தேடி எமிஸில், அதாவது கல்வித் துறையின் ஆன்லைன் பதிவில், வருகையை ஏற்றிக்கொண்டிருந்தார். கிளார்க் பணியிடம் காலி. நிரப்ப அனுமதி வரவில்லை. ஸ்காலர்ஷிப் பட்டியல், இலவச சைக்கிள் கணக்கு எல்லாம் அவர் தலையில். உடைந்த குழாயை மாற்றக்கூடத் தாளாளர் ஃபாதரின் கையெழுத்து வேண்டும், அவரோ தியானத்துக்குப் போயிருந்தார். சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீசில் பதில் சொல்வது ஒருவர், முடிவெடுப்பது இன்னொருவர். புதுப் பங்குச்சாமி வந்தால் எல்லாம் முதலிலிருந்து. இதில் திருவிழா வசூல் நோட்டை ஆசிரியர்களிடம் நீட்டும் வேலை வேறு!

இவ்வளவு சொன்னாலும் மருமகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளை அதட்டாமல் அடக்கத் தெரிந்தவள். ஆனால் கையெழுத்துப் போடுமுன் தாளாளரிடம் பேசட்டும். கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். நிர்வாகச் செலவில் ஒரு கிளார்க் தரச் சொல்லட்டும். மறுத்தால் அப்போது உரிமை விடல் எழுதிக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஜூனில் பொறுப்பேற்பதாக இருந்தால், மே மாதமே எமிஸ் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிவிடச் சொல். பழைய எச்.எம். ரிட்டயராகி ஊருக்குப் போய்விட்டால் அதற்கு வேறு அலைய வேண்டும்.

உன்
பழைய ஹாஸ்டல் கூட்டாளி