வகுப்பிலிருந்து அக்காவைக் கூப்பிடாதீர்கள்

வட சென்னைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என எந்தப் பக்கம் பார்த்தாலும், ஆட்டிசம் உள்ள பிள்ளையை அக்கா படிக்கும் பள்ளியிலேயே சேர்க்கத்தான் பெற்றோர் விரும்புகிறார்கள். அது அவர்களுக்குத் தெம்பு. ஆனால் இரண்டாம் வகுப்பில் தம்பி காதைப் பொத்திக்கொண்டு கத்தத் தொடங்கியதும், ஏழாம் வகுப்பு வாசலில் ஆயாம்மா வந்து நிற்கிறார்: “டீச்சர், அந்தப் பொண்ணைக் கொஞ்சம் அனுப்புங்க.” நாற்பது நிமிடப் பாடவேளையில் இருபது நிமிடம் போய்விடுகிறது. பெரும்பாலும் அது சாப்பாட்டு மணிக்கு முந்தைய வேளை. தட்டுச் சத்தமும் வரிசைத் தள்ளுமுள்ளும் அப்போதுதான் ஆரம்பிக்கும். அந்த வேளையில் கணக்கு இருந்தால், ஆண்டு முழுவதும் அவள் இழப்பது கணக்கை.

இந்த வழக்கத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தம்பிக்கும் இதனால் நன்மை இல்லை. கத்தினால் அக்கா வருவாள் என்று நான்கு முறை நடந்துவிட்டால், அக்கா வேண்டும் என்பதைச் சொல்ல அவன் கத்தவே கற்றுக்கொள்வான். வகுப்பாசிரியருக்கோ அவனை அமைதிப்படுத்தும் வழி பிடிபடவே பிடிபடாது. பிறகு அக்கா வேறு பள்ளிக்குப் போகிறாள். அடுத்த சில வாரங்களில் “உங்க பையனை எங்களால பார்த்துக்க முடியல” என்று வீட்டுக்குச் செய்தி போகிறது.

மாற்று ஏற்பாடு பெரிய செலவில்லாதது. முதலில் இரண்டு பெரியவர்களின் பெயரை எழுதி வையுங்கள்: ஒருவர் வகுப்பாசிரியர், மற்றவர் அவர் விடுப்பில் இருந்தால் வருபவர். சிறப்பாசிரியர் தினமும் வருவதில்லை, அதனால் அவர் பெயரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அடுத்து, அம்மாவை உட்காரவைத்து ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். எந்தச் சத்தம் தாங்காது, கத்துவதற்கு முன் என்ன செய்வான் (கையைக் கடிப்பது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வது), கழிப்பறை வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவான், எங்கே தொட்டால் பிடிக்காது. இதை அக்காவிடம் கேட்டு நிரப்ப வேண்டாம்.

பிறகு இரண்டு வாரம் ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தியாக எழுதுங்கள்: கத்துவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாம் என்ன செய்தோம். நேரத்தையும் குறியுங்கள். ஒரே நேரம் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் அங்கேதான் இருக்கிறது: மோட்டார் போடும் நேரமாக இருக்கலாம், தெருவில் சாவு மேளமும் வெடியும் போன நாளாக இருக்கலாம். சாப்பாட்டு வரிசைதான் காரணம் என்றால், மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பே அவனைச் சாப்பிட அனுப்புங்கள். பல பிள்ளைகளுக்கு இந்த ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது.

கத்தாமல் எடுத்துக் காட்டித் தன் தேவையைச் சொல்ல, தண்ணீர், கழிப்பறை, சத்தம், போதும் என்று நான்கு பட அட்டைகள், உள்ளங்கை அளவில். ஓவியத்தைவிட அந்தப் பள்ளியின் குழாயையும் கழிப்பறையையும் எடுத்த புகைப்படம் பல பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். லேமினேட் செய்து அவன் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். பீரோவில் பூட்டி வைத்த அட்டையால் பயனில்லை. கத்தும்போது நான்கு பேர் சூழ்ந்து நிற்காதீர்கள். ஒருவர் மட்டும் பக்கவாட்டில் நின்று, இரண்டு மூன்று சொல்லில் பேசி, பத்து நொடி காத்திருக்க வேண்டும். பாய் விரித்த ஒரு மூலை இருக்கட்டும், சமையலறைக்கும் மோட்டாருக்கும் தள்ளி. அந்த மூலை ஓர் அறைக்குள் இருந்து, கதவைப் பூட்டினால் அது தண்டனை அறையாகிவிடும்.

பள்ளி வாசல் கேட்டைப் பற்றி அழுத்திச் சொல்கிறோம். நம் பள்ளிகளைச் சுற்றித் தண்டவாளம், கண்டெய்னர் லாரி, பக்கிங்காம் கால்வாய். தாழ்ப்பாள் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். பிள்ளை காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கமும் தண்டவாளப் பக்கமும் பெரியவர்களை அனுப்புங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரைத் தண்ணீர் இழுக்கும். தேட அக்காவை அனுப்பாதீர்கள்.

இனி அந்த அக்காவைப் பற்றி. அண்ணனைவிட அக்காவையும் தங்கையையும்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள் என்பதை நாங்கள் பார்த்துவருகிறோம். “நீதான் அவனுக்குக் குட்டி அம்மா” என்ற பாராட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அவளால் “எனக்கு முடியல” என்று சொல்ல முடியாது. வீட்டில் நோட்டைத் தம்பி கிழித்திருப்பான். அதற்கு அவளை அடிக்கவோ வெளியே நிறுத்தவோ கூடாது. பாடப்புத்தகத்தின் இன்னொரு பிரதியைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளட்டும். தம்பியைப் பற்றிய புகாரை அவளிடம் சொல்லி அனுப்பாமல் அம்மாவுக்கு நேரே போன் செய்யுங்கள். “லூசு அக்கா” என்று கிண்டல் செய்பவனை அங்கேயே, அப்போதே நிறுத்துங்கள். அவள் குடும்பத்தை உதாரணம் காட்டிப் பிரேயரில் பேசுவது அவளை இன்னும் கூசவைக்கும். சொன்னதையெல்லாம் கேட்டு நடக்கும் பிள்ளை அடிக்கடி வயிற்றுவலி என்றாலோ வகுப்பில் தூங்கினாலோ தனியாக விசாரியுங்கள்.

அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தால், தம்பியின் ஆட்டிசத்தைப் பற்றி மூன்று விஷயம் சொன்னால் போதும்: இது ஒட்டாது, உன்னால் வந்ததில்லை, சத்தம் அவனுக்கு உன்னைவிடப் பெரிதாகக் கேட்கிறது. பத்தாம் வகுப்பு வந்தவள் கேட்பது வேறு: “அம்மா அப்பாவுக்குப் பிறகு யாரு?” தம்பிக்கு 18 வயதுக்குப் பிறகு பாதுகாவலர் தேவைப்பட்டால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கும். உடன்பிறந்தவர் தானாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. இதைத் தெரிந்துகொண்டால், தான் கல்லூரிக்குப் போகலாமா என்ற பயம் கொஞ்சம் குறையும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 16-ஆம் பிரிவு, பிள்ளைக்குத் தேவையான ஏற்பாட்டைச் செய்யும் கடமையைக் கல்வி நிறுவனத்தின் மேல்தான் வைத்திருக்கிறது. கூடப்பிறந்த சிறுமியின் மேல் அதை ஏற்றும் வரி எதுவும் அதில் இல்லை.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் இதைச் சேருங்கள். அந்த இரண்டு பெரியவர்களின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி, ஆயாம்மாவுக்கும் வாட்ச்மேனுக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் சிறப்பாசிரியர்களும்,
வட சென்னை