கிணற்றடி அவ்வாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

செடி சேகரிக்கப் போன நான் கிணற்றுக்குள் விழுந்தேனே, அன்றைக்கு என்ன நடந்தது என்று நம் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல இப்போது என்னால் ஆகாது. கட்டுப் பிரித்து நாலு நாள்தான் ஆகிறது. கண்ணை மூடினால் இன்னும் அந்தக் கல்லுக்கட்டுதான் தெரிகிறது.

தீயணைப்பு வீரர்கள், டிராக்டர் கயிற்றோடு ஓடிவந்த அண்ணன் தம்பி, 108 வண்டியில் நான் மயங்கிவிடாதபடி வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்த தங்கை, இரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், தினமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்த எங்கள் தெருக்காரர்கள், எனக்கு வரவேண்டிய சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்த மாங்கூழ் ஆலை முதலாளி: உங்கள் எல்லோருக்கும் கை எடுத்துக் கும்பிடுகிறேன். நன்றாக நடக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் வருவேன்.

என் உயிரைக் காப்பாற்றியவர்கள் நீங்கள். என் பையைக் காப்பாற்றியவரைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பையும் என்னோடு தண்ணீரில் விழுந்தது. என்னைத் தூக்கிய பிறகு யாரோ அதையும் பாதாளக் கொலுசு போட்டு எடுத்துத் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே இரண்டு பலகைக்கு நடுவில், பழைய பேப்பர் மடிப்புகளில் 23 செடிகள். பெரும்பாலும் பெரணிகள், அதாவது ஃபெர்ன் செடிகள். பார்க்கிறவர்களுக்கு அது ஊறிப்போன குப்பை. என் மனைவியே அந்தச் சமயத்தில் பார்த்திருந்தால் தூக்கி எறிந்திருப்பாள், அவள்மேல் தப்பில்லை.

அந்த வீட்டில் இருந்தது பேரனும் அவனுடைய அவ்வாவும்தான். அவன் கூப்பிடுவதைக் கேட்டு நானும் அவரை அவ்வா என்றே கூப்பிடுகிறேன். பையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதே என்று திறந்திருக்கிறார். கூழாகிப்போன பேப்பரிலிருந்து ஒவ்வோர் இலையையும் அடியில் கை கொடுத்து ஏந்தி எடுத்து, முறத்தில் பரப்பி, வெயிலில் வைக்காமல் உள்திண்ணை நிழலில் வைத்திருக்கிறார். வெயிலில் வைத்திருந்தால் கருகிச் சுருண்டிருக்கும். பிறகு, மாங்காய்ப் பெட்டிக்கு அடியில் விரிக்க வைத்திருந்த பழைய பேப்பர் கட்டை எடுத்து, செடிக்கு ஒரு மடிப்பாக அடுக்கி, மேலே பலகையும் அம்மிக் குழவியும் ஏற்றியிருக்கிறார். பேப்பர் ஈரம் குடித்ததும் அடுத்த நாள் வேறு பேப்பர். இப்படி ஒன்பது நாள்! தாவரவியல் மாணவர்களுக்கு இதைத்தான் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவ்வாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கேட்டேன். "ஈரத்த வெச்சுட்டா பூசணம் புடிச்சுக்கும்ல சாமி. அவரைக்கொட்டைய ஒணத்துறதில்லையா, அந்த மாதிரிதான்" என்றார்.

ஒவ்வொரு மடிப்பிலும் நான் பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. ஏழாவது படிக்கும் பேரன் அவற்றை வாசித்துக் காட்ட, "அதது சீட்டு அததோடயே இருக்கட்டும்டா" என்று அவ்வா கூடவே இருந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். "வடக்குச் சுவர், தண்ணிக்கு 4 அடி மேலே" என்கிற சீட்டு அந்தச் செடியோடுதான் இருக்கிறது. சீட்டு மாறியிருந்தால் 23-ம் எங்கிருந்து வந்ததென்று தெரியாத வெறும் இலைகள்.

ஓர் இலையை நான் புரட்டியபோது அவ்வா கிட்டே வந்து, அடியில் வரிசையாக இருந்த பழுப்புப் புள்ளிகளைக் காட்டினார். "பூச்சி முட்டைன்னுதான் நெனச்சேன். தொடச்சிடலாம்னு துணியக்கூட எடுத்தேன். அப்புறம் எல்லா எலையிலயும் ஒரே வரிசையா இருக்கவும், இது இதோடதாத்தான் இருக்கும்னு உட்டுட்டேன்." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பெரணிக்குப் பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. அந்தப் புள்ளிகளில் இருக்கும் தூள்தான் அதன் வம்சம். அந்தப் புள்ளிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதை வைத்துத்தான் எந்தப் பெரணி என்றே பெரும்பாலும் சொல்ல முடியும்.

இன்னொன்று. "இது எதுக்கு ஆகும்?" என்று அவ்வா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பார்க்கிற எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். மருந்தா, கீரையா, விற்றால் காசு வருமா? வயல் ஓரத்து ஆரைக்கீரை ஒரு பெரணிதான், கொல்லிமலையில் சூப்பு வைக்கும் முடவாட்டுக்கால் ஒரு பெரணியின் தண்டுதான், பழஞ்சுவர்களில் முளைக்கும் ஒரு பெரணி மண்ணிலிருக்கும் ஆர்செனிக் நஞ்சை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது என்று 2001-ல் கண்டுபிடித்தார்கள் என்று நானும் பதில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். அவ்வாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. யாரோ ஒருத்தன் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறான், அது கெடக்கூடாது. அவ்வளவுதான்.

கிணற்றுக்குள் இவனுக்கு என்ன வேலை என்று சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. கிருஷ்ணகிரி வறண்ட பூமி. பெரணிக்கு நிழலும் ஈரமும் வேண்டும். மேலகிரி ஓடைகளை விட்டால், நம் சமவெளியில் அதற்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் பழைய கல்லுக்கட்டுக் கிணறுகள்தான். காற்றில் வந்த தூள் கல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு, பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும் அந்த ஆழத்தில் பச்சையாகத் தொங்கும். ஆழ்துளைக் கிணறு போடப் போட நீர்மட்டம் இறங்குகிறது, சுவர் காய்கிறது. சில கிணறுகளில் மண்ணைக் கொட்டி மூடிவிடுகிறார்கள். கிணறு போனால் அதிலிருந்ததும் போயிற்று. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓடியது அதற்குள் ஒரு கணக்காவது எடுத்து வைக்கலாம் என்றுதான். காப்புக்காட்டில் ஓர் இலையைக்கூட நான் பறித்ததில்லை. பட்டா நிலத்தில், உரிமையாளரைக் கேட்டுத்தான் எடுப்பேன்.

இனி தனியாகப் போகமாட்டேன். கயிறு இல்லாமல், மேலே ஆள் நிற்காமல் எந்தக் கிணற்றுப் படியிலும் காலை வைக்கமாட்டேன். என் பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

வரும் வாரத்தில் 23 செடிகளையும் அட்டையில் ஒட்டப் போகிறேன். கீழே ஓரத்தில் செடியின் பெயர், இடம், தேதி, சேகரித்தவர் பெயர் எழுதுவது வழக்கம். நான் இன்னொரு வரியும் எழுதுவேன். 'உலர்த்தியவர்' என்று போட்டு அவ்வாவின் முழுப் பெயர். அதைப் பேரனிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவ்வா, உங்கள் பேப்பர் கட்டை மொத்தமும் நான்தான் தீர்த்துவிட்டேன். அடுத்த மாங்காய் சீசனுக்குள் புதுக் கட்டோடு வருகிறேன்.