அந்த அலுமாரியைத் திறந்துவிடுங்கள்: ஆஸ்பத்திரி மருந்துப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துப் பிரிவுக்குப் பொறுப்பான ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் கிளினிக் நாளன்று நான்காம் கவுண்டரில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். வராவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்க வந்துவிட்டது.

அக்கா டொக்டர் எழுதிய மருந்துத் துண்டை நீட்டினார். உள்ளே இருந்தவர் துண்டைப் பார்த்தார், கிளினிக் கொப்பியின் அட்டையைப் பார்த்தார், சிங்களத்தில் இரண்டு வரி சொல்லிவிட்டு இரண்டையும் திருப்பித் தள்ளினார். எனக்குப் புரிந்தது. அக்காவுக்குப் புரியவில்லை, புரியாமலே போயிருக்கலாம். ஆனால் வரிசையில் பின்னால் நின்ற மேல் டிவிசன் அண்ணன் ஒருவர், உதவி என்று நினைத்து, சத்தமாகவே தமிழில் சொன்னார்: "இது கை கால் நடுங்குறவங்களுக்குக் குடுக்குற மருந்தாம் தங்கச்சி. மனசு சரியில்லாதவங்களுக்கு இல்லையாம்."

அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. அக்கா ஒன்றும் பேசாமல் கொப்பியைப் பைக்குள் வைத்தார். பஸ் ஸ்டாண்ட் வரை என்னை முன்னால் நடக்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் லயத்தில் பன்னிரண்டு காம்பராவுக்கும் சேதி போய்விட்டது.

மாத்திரை கைவசம் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இல்லாமை எங்களுக்குப் பழக்கம். 2022 இல் நாடே மருந்துக்கு அலைந்தது. ஆனால் அக்காவின் மனச்சோர்வுக்கு எழுதிய அந்த மாத்திரை, பிரமிபெக்சோல், கவுண்டரில் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடி அலுமாரியில் இருந்தது. அதற்கு முந்திய இரண்டு மாதமும் அதே அலுமாரியிலிருந்து எடுத்துத்தான் தந்தீர்கள். இப்போது அது நரம்பு கிளினிக் கொப்பிக்கு மட்டுமாம். மனநல வைத்திய நிபுணர் கையெழுத்து வைத்து எழுதிய துண்டுக்கு அந்த அலுமாரியைத் திறந்துவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. வேறொன்றுமில்லை.

அக்காவின் கொப்பியைப் புரட்டினால் பத்து வருஷக் கதை இருக்கும். மனச்சோர்வுக்கு முதலில் புளொக்செட்டின், அப்புறம் வென்லாஃபக்சின், அதோடு லித்தியம். லித்தியத்துக்கு அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள், தைரொயிட் குறைந்தது, அதையும் நிறுத்தினார்கள். இரண்டு மருந்தைச் சரியான அளவில், போதிய காலம் கொடுத்தும் கேட்கவில்லை என்றால் அது மருந்துக்கு மசியாத மனச்சோர்வு என்று டொக்டர் சொன்னார். பிறகு இந்தப் பிரமிபெக்சோலைப் பற்றிப் பேசினார். ஒன்றையும் மறைக்கவில்லை. இது பார்க்கின்சன் நோய்க்கென்று பதிவான மருந்து, உங்கள் நோய்க்கென்று பதிவானதல்ல, ஆனாலும் முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். 2025 இல் ஒக்ஸ்போர்ட்காரர்கள் தலைமையில் 150 பேரிடம் செய்த பரிசோதனையின் முடிவு வந்திருக்கிறது; பழைய மருந்தோடு இதையும் சேர்த்து எடுத்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 12 வாரத்தில் நன்றாகத் தேறினார்கள் என்றார். பக்கவிளைவு தாங்காமல் ஐந்தில் ஒருவர் அளவில் நிறுத்திவிட்டதையும் அவரே சொன்னார். குமட்டும், தலை சுற்றும், திடீரென்று தூக்கம் தள்ளும். சிலருக்குச் சூதாட்ட ஆசை பிடித்துக்கொள்ளும், லொத்தர் சீட்டு வாங்கத் தொடங்கினால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்றார். "வாங்கக் காசு வேணுமே டொக்டர்" என்றார் அக்கா. அவர் பகடி பேசி நான் கேட்டு எத்தனையோ வருஷம்.

மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். முதல் மூன்று வாரம் குமட்டல்தான், வேறு ஒன்றுமில்லை. ஏழாம் வாரம் ஒரு காலை, தண்ணீர் பிடிக்கும் பீலியில் முறை தவறி வாளி வைத்த ஒருத்தியோடு அக்கா சண்டை போட்டுவிட்டு வந்தார். வந்து, தானே அடுப்பை மூட்டி, ரொட்டி சுட்டு, கட்டச்சம்பலில் உப்பு போதாதென்று என்னையும் ஏசினார். எங்கள் காம்பராவில் அன்றைக்குத்தான் தீபாவளி.

அதற்கடுத்த கிளினிக்கில்தான் உங்கள் கவுண்டர்.

பதிவுதான் பிரச்சினை என்றால் ஒன்று கேட்கிறேன். எங்கள் அம்மாவுக்குச் சீனி வியாதியால் கால் எரிவு. இதே ஆஸ்பத்திரியில் அவருக்கு இரவில் அமிட்ரிப்டிலின் தருகிறீர்கள். அது மனச்சோர்வுக்கென்று வந்த மாத்திரை. இது மென்டல் கிளினிக் மருந்து, கால் எரிகிறவர்களுக்கு இல்லை என்று அம்மாவை யாரும் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பவும் கூடாது. மனசுக்கான மருந்து உடம்பு நோய்க்கு வரலாம், உடம்பு நோய்க்கான மருந்து மனசுக்குப் போகக் கூடாது என்றால், அது எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது? பிரமிபெக்சோல் பழைய மருந்து, பல கம்பனிகள் மலிவாகச் செய்கின்றன. புதிதாக ஒரு நோய்க்குப் பதிவு செய்யக் காசு செலவழித்தால் எந்தக் கம்பனிக்கு ஆதாயம்? அதனால்தான் இந்த மாதிரி இடத்தில் வைத்தியரின் தீர்மானம் என்று ஒன்று இருக்கிறது.

வெளியே வாங்கச் சொன்னார்கள். வாங்கினோம். டவுன் கடைகளில் இல்லை, கண்டிக்குப் போனேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு நாள். ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆவதற்கு 2021 வரை கத்த வேண்டியிருந்த சனம் நாங்கள், இது உங்களுக்குத் தெரியாததல்ல. 2023 இல், எங்கள் சனம் இந்த நாட்டுக்கு வந்த இருநூறு வருஷ நினைவுக்குத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே வந்தோமே, இவர்களுக்குக் கண்டி என்ன தூரம் என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. உங்கள் மாத்திரை உறையில் மட்டும் இன்னும் எழுதவில்லை. காலையா, இரவா என்று பக்கத்து வீட்டு ஏ.எல். பிள்ளையிடம் காட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

நான் மாத்திரையோடு வந்து சேர்வதற்குள் ஒன்பது நாள் விடுபட்டுவிட்டது. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியாது. டொக்டர் திரும்ப அடியிலிருந்து தொடங்கச் சொன்னார். குமட்டலும் திரும்ப முதலிலிருந்து. அக்கா இப்போது பீலிக்குப் போவதில்லை, தண்ணீரை நான்தான் எடுக்கிறேன்.

உங்கள் ஆட்களைத் தண்டிக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கும் மேலே ஒருவர் ஒரு தாளைக் கொடுத்திருப்பார். அந்தத் தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: மனநல வைத்திய நிபுணரின் கையெழுத்து இருந்தால், எந்தக் கொப்பியாக இருந்தாலும், மாதம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்று. அலுமாரி அதேதான், மாத்திரையும் அதேதான்.

அடுத்த கிளினிக் இந்த மாதம் 24 ஆம் திகதி. அக்கா வரமாட்டேன் என்கிறார். டொக்டரிடம் மட்டும் எப்படியாவது கூட்டி வருவேன். கவுண்டருக்கு நான் வருகிறேன். துண்டைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பேன். தயவுசெய்து கிளினிக்கின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம், நம்பரைக் கூப்பிட்டால் போதும்.

இப்படிக்கு,
தோட்டத்திலிருந்து ஒரு தம்பி