பத்து மணி விசில்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். நீதான் நலமாக இல்லை என்று தங்கச்சி சொல்லித் தெரிந்துகொண்டேன். கடலைக் காட்டில் கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டாயாம். முகத்தில் தண்ணீர் தெளித்துக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்களாம். நேற்று போனில் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லப்பா, வெயிலுக்கு லேசா வந்துச்சு" என்று வைத்துவிட்டாய். போனில் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்பாய், அத்தோடு மறந்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கச்சியை வாசிக்கச் சொல்லி முழுசாகக் கேள். பாதியில் எழுந்து போய்விடாதே.

கத்தார் வந்து ஒரு கோடை முழுக்கப் பார்த்துவிட்டேன். வெயில் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என நினைத்துத்தான் வந்தேன். சின்ன வயதிலிருந்து காட்டிலேயே கிடந்தவன்தானே. ஜூன், ஜூலையில் இங்கே ஷமால் என்று ஒரு காற்று அடிக்கும். அடுப்பு வாயில் முகத்தைக் காட்டினால் வருமே, அந்தச் சூடு, மண்ணோடு சேர்ந்து வரும். வியர்வை வருவதே தெரியாது, வந்தவுடன் காய்ந்துவிடும். சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுதான் மிச்சமிருக்கும். ஆகஸ்டில் அதற்கு நேர் எதிர். கடலிலிருந்து ஈரம் ஏறி, நின்ற இடத்திலேயே சட்டை தொப்பலாகிவிடும். இதுதான் மோசம். வியர்வை வழிவதால் உடம்பு குளிராது அம்மா, அது காய்ந்தால்தான் குளிரும். ஈரக் காற்றில் காயவே காயாது.

அதனால் இங்கே சட்டமே போட்டிருக்கிறார்கள். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது. 2021-லிருந்து இப்படி. நாங்கள் மூன்று மணிக்கே எழுந்து, இருட்டோடு பஸ் ஏறி, நாலரைக்கெல்லாம் கம்பி கட்ட ஆரம்பித்துவிடுவோம். சைட்டில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். காற்றின் சூடு, ஈரம், வெயிலின் உறைப்பு, காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். அது 32.1-ஐத் தாண்டினால் மணி எதுவானாலும் வேலை நிற்க வேண்டும். 32 என்றதும் நம் ஊர் வெயிலைவிடக் குறைச்சல் என்று நினைத்துவிடாதே, இது வேறு கணக்கு. பத்து மணிக்கு ஃபோர்மேன் விசில் ஊதுவார். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு நிழலுக்கு வந்துவிடுவோம்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வந்த முதல் வாரத்தில் எனக்கும் ஆனது. தாகம் எடுக்கிறதே என்று பாட்டில் பாட்டிலாக வெறும் தண்ணீர் குடித்தேன். ஒன்பது மணி வாக்கில் இரண்டு கெண்டைக்காலும் முறுக்கிக்கொண்டன. கல் மாதிரி இறுகிவிட்டது, நிற்க முடியவில்லை. கூட வேலை பார்க்கும் தெலுங்குக்கார அண்ணன்தான் நிழலுக்கு இழுத்துப் போய், காலை நீவிவிட்டு, ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்தார். "வேர்வையில தண்ணி மட்டுமா போகுது? உப்பும் போகுதுல்ல" என்றார். போன உப்பைத் திருப்பிக் கொடுக்காமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் அதுவே ஆபத்தாகிவிடுமாம். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை புது ஆள் முழு வேலை செய்யக் கூடாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. நீயும் இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு எடுத்த எடுப்பில் முழு நாள் கடலை பறிக்கப் போனாய். மயக்கம் வராமல் என்ன செய்யும்?

தாகம் தாமதமாகத்தான் வரும் அம்மா. அது வரும்போது உடம்பு ஏற்கெனவே காய்ந்திருக்கும். இங்கே கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் குடிப்போம், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரே மூச்சில் செம்பு செம்பாக ஊற்றிக்கொள்வதில்லை. கழிப்பறைக் கதவில் சிறுநீர் நிறங்களை வரிசையாகப் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. தேன் நிறம் வந்தால் தண்ணீர் போதவில்லை.

நீ ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். காட்டில் ஒதுங்க இடமில்லை, அதுதானே? காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்வாய். நீ மட்டுமில்லை, கூட வரும் அத்தனை பெண்களும் அப்படித்தான். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. நாலு குச்சி நட்டுப் பழைய சேலையைச் சுற்றிக் கட்டினால் ஒரு மறைப்பு ஆகிவிடும். காட்டுக்காரரிடம் நானே போன் பண்ணிச் சொல்கிறேன். நீ வெட்கப்பட வேண்டாம்.

சாப்பாட்டில் நான் மாற்றிக்கொண்டது கொஞ்சம்தான். ராத்திரி எண்ணெய் மிதக்கிற குழம்பை விட்டுவிட்டேன். அது சாப்பிட்ட மறுநாள் வேலையில் நெஞ்சைக் கரிக்கிறது. இங்கே லபன் என்று பாட்டிலில் விற்கிறார்கள், நம் மோர்தான், கொஞ்சம் கெட்டி. தண்ணீர் விட்டு உப்புப் போட்டுக் கலக்கிக்கொள்வேன். வெள்ளரிக்காய் இரண்டு எப்போதும் பையில் இருக்கும். கலர் டின்களைப் பையன்கள் வாங்கிக் குடிக்கிறார்கள், அத்தனையும் சர்க்கரை. நீ காலையில் குடித்துவிட்டுப் போவாயே நீராகாரம், தண்ணீரும் உப்பும் சோறும் ஒன்றாகச் சேர்ந்தது, அதற்கு ஈடு இங்கே எதுவும் இல்லை. அதை விட்டுவிட்டு வெறும் டீயோடு கிளம்புகிறாய் என்று தங்கச்சி சொல்கிறாள். மறுபடியும் ஆரம்பி. ஆனால் நீ பிரஷர் மாத்திரை போடுகிறாய், உப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

குளிக்கிற கதையையும் கேள். மாடித் தொட்டியில் தண்ணீர் கொதித்துப்போய், குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. ஹீட்டர் அறைக்குள் இருப்பதால், அதை அணைத்துவிட்டால் அதற்குள் நிற்கிற தண்ணீர் ஆறிவிடும். அதனால் கோடை முழுக்க வெந்நீர்க் குழாயைத் திறந்துதான் குளிர்ந்த தண்ணீரில் குளிக்கிறோம். வேலையில் முழுக்கைச் சட்டை, பிடரியில் நனைத்த துண்டு. துண்டு காயக் காய நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இது தங்கச்சிக்கு. போன மாதம் ஒரு பையன் வேலையில் நின்றபடியே சம்பந்தமில்லாமல் உளற ஆரம்பித்தான். தொட்டால் உடம்பு அனலாக இருந்தது. உடனே நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே ஃபேனைத் திருப்பிவிட்டோம், 999-க்கு போன் போட்டோம். பிழைத்துக்கொண்டான். நினைவு தப்பினவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடம்புக்கு மேலேதான் ஊற்ற வேண்டும். அம்மாவுக்குப் பேச்சு குழறினால் ஒரு நிமிஷமும் யோசிக்காதே, தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடு.

அம்மா, வேலைக்கே போகாதே என்றால் நீ கேட்க மாட்டாய். விடியும் முன்னே போ, பதினொன்றுக்குள் முடித்துவிடு, மிச்சத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள். எனக்கு விசில் ஊத ஒருத்தர் இருக்கிறார், உனக்கு யாரும் இல்லை. இங்கே பத்து மணி ஆகும்போது உனக்குப் பன்னிரண்டரை, அதற்குள் உச்சி வெயில் வந்துவிடும். இங்கே எட்டரைக்கு இடைவேளை விடுவார்கள், அப்போது உனக்குச் சரியாகப் பதினொன்று. நாளையிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு மிஸ்டு கால் கொடுப்பேன். போனைச் சாப்பாட்டுக் கூடையில் வைக்காதே, இடுப்பில் செருகிக்கொள். எடுத்துப் பேச வேண்டாம். மணி அடித்தால் களைக்கொட்டைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு வா.

இப்படிக்கு,
உன் மகன்