மடை திறக்கச் சொன்ன அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

உதவிக்கு வந்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

முந்தாநாள் அறுவடை முடிந்தது. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருக்கிறது. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் கீழவயலில் விளைந்த முதல் நெல் இதுதான். புரெவி புயல் மழையையும் பொங்கல் நேரத்து மழையையும் தாண்டிக் கரை சேர்ந்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா கடல்தண்ணீரை வயலுக்குள் தள்ளியபோது என்ன நடந்தது என்று வேதாரண்யம் பக்கத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. மூட்டை கட்டுவதற்கு முன்னாடியே இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது.

கடல்தண்ணீர் நின்ற வயலைத் திருத்தும் வழி தெரியாததல்ல. ஜிப்சம் போட்டு உழுது, மழைத் தண்ணீரைக் கட்டிக் கலக்கி, உப்பைக் கரைத்து வடித்துவிட வேண்டும். ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து, களிமண்ணில் ஒட்டிக்கொண்ட சோடியத்தைப் பெயர்த்துவிடும். ஜிப்சம் போடாமல் வெறும் மழையை நம்பினால் உப்பு கரைந்து போகும், சோடியம் மண்ணோடு தங்கி நிலம் களராக இறுகிவிடும். இதெல்லாம் சரி. பெயர்ந்த சோடியம் வயலை விட்டு வெளியே போக வேண்டுமே? கடைமடையில் வடிகால் போய்ச் சேருவது கடல் ஏறி இறங்கும் வாய்க்காலில். இந்தக் கரையில் கடல் ரொம்ப ஏறுவதில்லை, ஆனாலும் எங்கள் வயல் மட்டத்துக்கு அதுவே அதிகம். ஏறுகிற நேரத்தில் மடையைத் திறந்தால் வெளியே இருக்கிற உப்புத்தண்ணீர்தான் உள்ளே வரும்.

அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் அக்கா ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 2019 ஐப்பசியில் ஒரு கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, நான் இன்னொருவரிடம் வயலைப் பற்றிப் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "தண்ணிய நிறுத்தி வெயில்ல காய வெச்சாத்தான் தம்பி உப்பு எறங்கும். அதான் எங்க பொழப்பே. உங்க வயல்ல அது நடக்க விடாதீங்க. வெயில் ஏறுறதுக்குள்ள வடிச்சிடுங்க." கடல் வத்துகிற நேரம் தெரியவில்லையே அக்கா என்றேன். "நம்பரக் குடுங்க, நான் சொல்றேன்" என்றார்.

சொன்னார். அந்த மழைக்காலம் முழுக்கச் சொன்னார். ஒரு மிஸ்டு கால் வந்தால் திற, இரண்டு வந்தால் அடை. அவர் வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் இறங்கும் கல் படிகள் உண்டு. டார்ச் அடித்து, தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அழைப்பார். கடல் வத்தும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் சில நாள் அது மாலையில் வரும், சில நாள் நடுச்சாமத்தில் வரும். கஜா கொண்டுவந்து தள்ளிய சேற்றில் அவர் வேலை பார்த்த பாத்திகளும் மூடிக் கிடந்தன. வேலையே இல்லாத ஒருவர், யாரோ ஒருவன் வயலுக்காக ராத்திரி எழுந்து குடையோடு படியில் இறங்கிப் பார்த்திருக்கிறார். நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

கார்த்திகையில் ஒருநாள் வயலுக்கே வந்தார். உப்பளத்தில் தண்ணீரின் உப்பு அடர்த்தியை டிகிரிக் கணக்கில் பார்க்கும் கண்ணாடிக் குழாயைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கடல்தண்ணீரில் விட்டால் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், 25-ஐ நெருங்கினால் உப்பு இறங்கும் என்று விளக்கினார். வடிமடையில் சொம்பை விட்டு மோந்து, குழாயை உள்ளே மெல்ல இறக்கினார். தண்ணீரில் உப்பு இருந்தால் அது மிதந்து தூக்கிக்கொண்டு நிற்கும். எங்கள் சொம்பில் அது கழுத்துவரை அமிழ்ந்தது. "இனிமே இந்தத் தண்ணில யாரும் உப்பு எடுக்க முடியாது தம்பி" என்று சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு என் அம்மா அன்றைக்குத்தான் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். தை மாதம் வந்த மண் பரிசோதனை முடிவும் அதையே சொன்னது. மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத்திறன் 4-க்கு மேலே போனால் உவர் நிலம் என்பார்கள். எங்கள் மண் அதற்குக் கீழே இறங்கியிருந்தது.

மற்றவர்களையும் மறக்கவில்லை. தன் வரப்பு ஓரமாக வடிகால் வெட்டிக்கொள்ள ஒரு வார்த்தை கேட்காமல் சம்மதித்த கீழண்டைப் பங்காளி, ஜிப்சத்துக்குப் பணம் அனுப்பிய சிங்கப்பூர் நண்பர்கள், சுனாமி உப்பை எப்படி வெளியேற்றினோம் என்று சொல்லிக்கொடுக்க நாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெரியவர், ஊரடங்கு நேரத்தில் பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதையை பைக்கில் கொண்டுவந்து போட்ட தம்பி, உப்பு தாங்கும் குழியடிச்சான் விதைநெல்லைத் தன் குதிரிலிருந்து அளந்து கொடுத்த ஆச்சி, எல்லோருக்கும் நன்றி. விழுந்த தென்னைகளை ஊரெல்லாம் கொளுத்தியபோது, அரைக்கிற எந்திரத்தை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து, எங்கள் தெரு மரங்களைத் தூளாக்கி அந்தந்தத் தோப்பிலேயே மூடாக்காகப் பரப்பிக் கொடுத்த இளைஞர்களுக்குத் தனி நன்றி. மூச்சிரைப்பு உள்ள என் அம்மா அந்த மார்கழியைத் தாண்டியதற்கு நீங்கள்தான் காரணம்.

மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்று நாம் வருடா வருடம் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். வடிகாலைத் தூர்வாருவது பற்றி அதில் கால்வாசிகூடப் பேசுவதில்லை. இனி நான் பேசுவேன், ஒவ்வொரு ஆவணியிலும் எங்கள் வடிகாலில் முதல் மண்வெட்டி என்னுடையதாக இருக்கும். நிலத்தை இறால் குட்டைக்குக் குத்தகை கேட்டு வருகிறவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: கொடுக்க மாட்டேன். இத்தனை பேர் சேர்ந்து வெளியேற்றிய உப்பைக் காசு வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே விடுவதற்கு எனக்கு மனம் வராது.

அக்கா, நெல் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். சரி. தை மழையால் உப்பளத்தில் பாத்தியின் தரையை மிதித்து இறுக்கும் வேலை தள்ளிப் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். எந்த நாள் என்று சொல்லுங்கள், என் வீட்டில் நாலு பேரும் மிதிக்க வருகிறோம். ஒரு மிஸ்டு கால் போதும்.