மடையான் எந்த நாட்டிலிருந்தும் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், ராமநாதபுரம் கடலோரத்துக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கியிருப்பதாகப் படத்தோடு ஒரு செய்தி வந்திருந்தது. அரக்குச் சிவப்பில் முதுகு, சந்தன நிறத்தில் தலையும் கழுத்தும், பிடரியில் நீளமாக இரண்டு மூன்று வெள்ளை இறகு. படம் எடுத்தவரைப் பாராட்ட வேண்டும். அந்தப் பறவையை அந்தக் கோலத்தில் அவ்வளவு பக்கத்தில் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் அது எங்கிருந்தும் வந்து இறங்கவில்லை. நம் வயலிலும் வாய்க்காலிலும் வருஷம் முழுக்க நிற்கிற நொள்ளை மடையான்தான் அது. குருட்டுக் கொக்கு என்றால் இன்னும் பலருக்குப் புரியும்.

ஏமாந்ததில் தப்பில்லை. மற்ற மாதங்களில் அதன் முதுகு காய்ந்த சேற்றின் நிறம்; கழுத்திலும் நெஞ்சிலும் பழுப்புக் கோடுகள். வரப்பில் நின்றால் மண்ணாங்கட்டி என்று நினைத்துக் கடந்து போய்விடுவோம். மிதிக்கப் போகிற வரைக்கும் அசையாது. அதனால்தான் கண் தெரியாத கொக்கு என்று பேர் வாங்கியது. எழுந்து பறந்தால் சிறகு இரண்டும் பளீரென்று வெள்ளை. இவ்வளவு வெள்ளையை எங்கே மடித்து வைத்திருந்தது என்று தோன்றும். கூடு கட்டும் காலத்தில் மட்டும்தான் இந்த அரக்குப் பட்டு. நம் பக்கம் அந்தக் காலம் மழை பெய்து கண்மாய் நிரம்பிய பிறகு வருவது. உங்கள் செய்தியாளர் தை மாதத்தில் பார்த்தது, பழைய ஆள் கல்யாண வேட்டி கட்டி நின்றதை.

நான் பறவைகளைப் பற்றிப் படித்தவன் இல்லை. திருப்பாலைக்குடிப் பக்கம் உப்பளத்தில் 31 வருஷம் கணக்கு எழுதி, 2019-ல் ஓய்வு பெற்றவன். எத்தனை மூட்டை, எத்தனை லாரி, எந்தத் தேதியில் மழை என்று எழுதுகிற கை சும்மா இருக்காதல்லவா? காலையில் பாத்தி வரப்பில் நடக்கும்போது கண்ணில் பட்ட கொக்குகளையும் எண்ணி, பேரேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வந்தேன். ஒருமுறை தணிக்கைக்கு வந்தவர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “நொ.ம. 43 என்று இருக்கிறதே, இது எந்தச் சரக்கு?” என்று கேட்டார். “அது விற்பனைக்கு இல்லைங்க சார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தனி நோட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த நோட்டுகளைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கி உப்பளத்தில் வேலை நின்றதும் நொள்ளை மடையானும் குறைந்துவிடும். இரண்டு, மூன்று, சில நாள் சைபர். எங்கே போயின? ரொம்ப தூரமில்லை. மேற்கே நெல் வயலுக்கும் கண்மாய்க்கும். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர் பெற்ற ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய் அந்தப் பக்கம்தானே இருக்கிறது. மடையில் நிற்கிறவன் மடையான் என்று எங்கள் அய்யா சொல்வார். நாரை பறக்குமோ பறக்காதோ, தண்ணீர் ஓடுகிற மடை ஒவ்வொன்றிலும் இவன் ஒருவன் நிற்பான். கண்மாய்க்குள் இருக்கிற நாட்டுக்கருவேல மரங்களில் வெள்ளைக் கொக்கோடும் வக்காவோடும் சேர்ந்து கூடு கட்டுவதும் அந்த மாதங்களில்தான்.

தை, மாசியில் அறுப்பு முடியும். பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றி, மிஞ்சின குட்டைகளில் ஊர் கூடி மீன்பிடித் திருவிழாவும் நடந்துவிட்டால், அப்புறம் கொக்குக்கு உள்ளூரில் என்ன வேலை? கிழக்கே வந்துவிடும். உப்பளத்துக்குக் கடல்நீர் கொண்டுவரும் வாய்க்கால், இறால் பண்ணைகளின் வடிகால், வலை உதறுகிற கரை என்று எங்கும் அதுதான். வைகாசியில் எங்கள் வாய்க்கால் ஒன்றிலேயே நாற்பதைத் தாண்டும். கடலோரத்தில் இருக்கிறவன் அந்த மாதம் மட்டும் பார்த்தால் ‘கொக்குக் கூட்டம் வந்துவிட்டது’ என்பான். கண்மாய்க்கரைக்காரன் ‘கொக்கு போய்விட்டது’ என்பான். இரண்டு பேரும் பார்த்தது ஒரே கொக்கை.

மாதத்தை விடத் தண்ணீர்தான் கணக்கு என்பதற்கு 2016-ஐச் சொல்லலாம். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. எப்போதும் சைபர் போடுகிற கார்த்திகையிலும் அன்றைக்கு எங்கள் வாய்க்காலில் வைகாசி மாதிரி கொக்கு நின்றது. மேலே தண்ணீர் இல்லை, எங்கே போகும்?

சரி, மடையான் கதையைச் சொல்ல மட்டும் எழுதவில்லை. நம் கடலோரத்தில் இன்னொரு சின்னக் கொக்கு இருக்கிறது. அதைப் பற்றி யாரும் செய்தி போட்டு நான் பார்த்ததில்லை. பச்சைக் கொக்கு என்பார்கள். தோசிக் கொக்கு என்று இன்னொரு பேரும் உண்டு. உயரத்தில் மடையான் அளவு, அல்லது ஒரு விரல் குறைவு. சாம்பலும் பச்சையும் கலந்த முதுகு, தலையில் கறுப்புத் தொப்பி, இறக்கையில் ஒவ்வொரு இறகுக்கும் மெல்லிசாக வெளிறிய ஓரம், மஞ்சள் கால். மடையான் மாதிரி கூட்டமாக நிற்காது. அலையாத்திச் செடிகளின் அடியில், தண்ணீருக்கு மேலே தாழ்ந்த கிளையில் ஒற்றையாகக் குந்தியிருக்கும்.

காரங்காட்டில் கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து சுற்றுலாப் படகு விடுகிறார்கள், பலரும் போயிருப்பீர்கள். ஒரு ஆனி மாதக் காலையில் என் மச்சானின் வள்ளத்தில் அந்தப் பக்கம் போனேன். கடல் வற்றிக்கொண்டிருந்தது. சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும் அந்த மூச்சு வேர்களுக்கு நடுவே, ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் வளையை விட்டு வெளியே வர ஆரம்பித்திருந்தன. துடுப்பு ஊன்றினால் கிளைக்கு எட்டும், அவ்வளவு பக்கத்தில் பச்சைக் கொக்கு. கழுத்தே இல்லாத பறவை போல, தலையைத் தோளுக்குள் இழுத்து வைத்திருந்தது. வால் மட்டும் லேசாக ஒருமுறை துடித்தது. பிறகு அந்த இல்லாத கழுத்து எங்கிருந்தோ ஒரு முழம் நீண்டது. அலகில் ஒரு உளுவை மீன். தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கிவிட்டு, மறுபடியும் கழுத்தை உள்ளே வைத்துக்கொண்டது. “இது பெட்டிக்குள்ள பெட்டி வச்ச கொக்குடா” என்றான் மச்சான்.

(ஜப்பானில் இதே கொக்கு பூச்சியையும் சிறு இலையையும் தண்ணீரில் போட்டு மீனை வரவழைத்துப் பிடிப்பதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். தூண்டில் போடத் தெரிந்த கொக்கு. நம் ஊர் உளுவைகளுக்கு இரை போட வேண்டிய அவசியமே இல்லை என்று நினைக்கிறேன்.)

இந்தப் பச்சைக் கொக்கு எங்கும் போவதில்லை. தையிலும் பார்த்திருக்கிறேன், ஆனியிலும் பார்த்திருக்கிறேன், வாடைக்காற்று அடிக்கிற மார்கழியிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் கடல் வற்றும் நேரத்தில்தான் வெளியே வரும். ஏறிவிட்டால் செடிக்குள் போய்விடும். நம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும் கரை தட்டை; முழங்கால் அளவு நீர் இறங்கினாலே சேறு வெகுதூரம் தெரியும். அந்த வற்றுகிற நேரமும் தினம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். இன்றைக்குக் காலை ஏழு மணிக்குப் பார்த்த இடத்தில் அடுத்த வாரம் அதே ஏழு மணிக்கு நின்றால் ஒன்றும் இருக்காது.

இங்கேதான் என் மனக்குறை. தமிழ்நாட்டில் வருஷாவருஷம் ஈரநிலப் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஜனவரி கடைசியில் நடந்த வருஷங்கள் உண்டு; 2025-ல் மார்ச் மாதம் நடந்தது. நல்ல வேலை, ஆர்வமுள்ள பிள்ளைகள். ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு அணியோடு போனேன். காலையில் கண்மாய்களைச் சுற்றிவிட்டு அலையாத்திப் பக்கம் வந்தபோது மணி பதினொன்று. கடல் முழுசாக ஏறி நின்றது. பச்சைக் கொக்கு வரிசையில் ஒரு கோடு போட்டார்கள். “தம்பி, மூன்று மணி வரைக்கும் பொறுத்தால் காட்டுகிறேன்” என்றேன். வேனுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். கணக்கெழுதிப் பழகியவனுக்கு அந்தக் கோடு இன்னும் உறுத்துகிறது. சரக்கு கிட்டங்கியில் இருக்கும்போது இருப்பு இல்லை என்று எழுதுவது போலத்தானே?

நம் மாவட்டத்தில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-லும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-லும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. தனுஷ்கோடியில் பூநாரைக்கென்று சரணாலயமே அறிவித்தாகிவிட்டது. சந்தோஷம்தான், பூநாரையோடு எனக்குப் பகையில்லை. ஆனால் கண்மாயில் தண்ணீர் இருக்கிற மாதங்களில் மட்டும் எண்ணினால் மடையானின் பாதி வருஷம் கணக்கில் வராது. கடல் வற்றும் நேரம் பார்க்காமல் எண்ணினால் பச்சைக் கொக்கு மொத்தமாகவே வராது. ஆகவே தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரைக்குமாவது, வைகாசி அல்லது ஆனியில் இன்னொரு எண்ணிக்கை, கடல் வற்றும் நேரத்தை வைத்து நடத்த வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். செலவு பெரிதாக ஆகாது. அந்தந்த ஊர் மீனவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் கடல் எப்போது வற்றும் என்பதை அவரே சொல்வார்; அட்டவணைகூடத் தேவைப்படாது.

தங்கள் செய்தியாளர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால் என் நோட்டுகளைக் காட்டத் தயார். பச்சைக் கொக்கையும் காட்டுகிறேன். அமாவாசையோ பௌர்ணமியோ ஒட்டி வரட்டும், அப்போதுதான் நன்றாக வற்றும். செருப்பு வேண்டாம், சேறு இழுத்துக்கொண்டு போய்விடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உப்பளக் கணக்கர்,
திருப்பாலைக்குடி, ராமநாதபுரம் மாவட்டம்.