யோம் கிப்பூர் கொண்டாட்டம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

யோம் கிப்பூரை 'யூதர்களின் கொண்டாட்டம்' என்று தங்கள் நாளிதழில் படித்தபோது வருத்தமாக இருந்தது. அது பாவமன்னிப்பு கேட்கும் நோன்பு நாள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் நான்கு ஆண்டுகள் இருந்தேன், அருகிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

யூதர்களுக்கு நாள் மாலையில்தான் தொடங்குகிறது. பொழுது சாயும் முன்பே ஐயா சாப்பிட்டு முடித்துவிடுவார். அப்புறம் மறுநாள் இருட்டும்வரை, சுமார் 25 மணி நேரம், ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. தோல் செருப்பும் ஆகாது. வெள்ளைச் சட்டை, துணிக் காலணியோடு மெல்ல ஜெபக்கூடத்துக்கு நடப்பார். சாலையில் கார்களே இருக்காது. பிள்ளைகள் நடுரோட்டில் சைக்கிள் விடுவார்கள். கடைசி ஆண்டு அவருக்கு உடம்பு முடியவில்லை. உயிரைக் காப்பது நோன்பைவிட முக்கியம் என்பது அவர்கள் சட்டம். ரபி, அதாவது யூத மதகுரு, வந்து அதை எடுத்துச் சொன்ன பிறகுதான் மருந்தும் கஞ்சியும் உள்ளே போனது. சாப்பிடும்போது ஐயா அழுதார்.

தேதி ஏன் மாறுகிறது என்றும் பலர் கேட்கிறார்கள். அவர்களுடையது சந்திர மாதக் கணக்கு. பருவம் தவறாமலிருக்க 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூட்டுவார்கள். அதனால் இந்நாள் செப்டம்பரிலோ அக்டோபரிலோ வரும்.

அடுத்த முறை 'நோன்பு நாள்' என்றே எழுதுங்கள்.

- வாசகர், நாகர்கோவில்